காகிதம் வெள்ளத்தோடு போனது. எண் இரும்பில் இருந்தது

"ஆர்.சி. புத்தகம் இல்லை, வண்டி மட்டும் இருக்கிறது, என்ன செய்யலாம்?" இந்தக் கேள்வி விழுப்புரம் மாவட்டத்தில் 2024 டிசம்பருக்குப் பிறகு அதிகமாகக் காதில் விழுகிறது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வயலில் நின்ற நெல் போனது. வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்த காகிதங்களும் கூழாகிப் போயின. பட்டா, சிட்டாவை இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வங்கிப் புத்தகத்தை வங்கி புதிதாகப் போட்டுத் தரும். கை மாறி வாங்கிய பழைய வண்டிதான் சிக்கல். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பிலும் அது வராது.

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. மூன்று ஏக்கர் நிலம். ஒரு பக்கம் நிலக்கடலை, இன்னொரு பக்கம் கத்தரி, வெண்டை, தை பிறந்தால் கொஞ்சம் தர்பூசணி. 2016-இல் குடும்பத் தலைவர் விக்கிரவாண்டி பக்கத்துக் காய்கறி வியாபாரி ஒருவரிடம் ஒரு மகிந்திரா பிக்கப்பைப் பழைய விலைக்கு வாங்கினார். பணம் கைக்குக் கை. 20 ரூபாய் பத்திரத்தில் ஓர் ஒப்பந்தம். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டாரே தவிர, பெயர் மாற்றவில்லை. "அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் ஓட்டினார். 2022-இல் அவர் இறந்துவிட்டார். எப்.சி. முடிந்து, இன்சூரன்ஸும் முடிந்து, வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. வெள்ளத்தில் மூன்றடித் தண்ணீர் நின்று வடிந்தது. வேப்பமரக் கிளை விழுந்து முன் பக்க நம்பர் பிளேட் நொறுங்கியது. பின் பிளேட்டில் 'டி.என்.32' என்பது மட்டும் தெரிந்தது. மீதி துருவாகி உதிர்ந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மகன்தான் அந்த வண்டியை ஓட்ட வைக்க வேண்டும் என்று நின்றான். அதில் நியாயம் இருக்கிறது. பத்து மூட்டை கடலையைத் திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வாடகை வண்டிக்குக் கொடுக்கும் காசு, சிறு விவசாயிக்குச் சாதாரணமில்லை. ஆனால் வண்டியின் முழு நம்பர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா ஒரு நம்பர் சொன்னார், பங்காளி ஒருவர் வேறு நம்பர் சொன்னார். மகன் இரண்டையும் கைபேசியில் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தான். ஒன்று யாருடைய ஸ்கூட்டரோ. இன்னொன்று கிடையவே கிடையாது.

இந்த நேரத்தில்தான் இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டும் கெட்ட யோசனைகள். முதலாவது மகனுடையது. "ராத்திரி பத்து மணிக்கு மேல ஓட்டினா யாரும்மா கேக்கப் போறாங்க? மார்க்கெட் வரைக்கும்தானே?" இரண்டாவது ஒரு தரகருடையது. ஓடாத வேறொரு வண்டியின் ஆர்.சி. தன்னிடம் இருக்கிறது, அதன் சேஸ் நம்பரை இந்த வண்டியில் அடித்துக் கொடுத்துவிடலாம் என்றார். தொகையும் சொன்னார்.

அம்மா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "மூட்டை மேல ரெண்டு பேரு உக்காந்து வருவாங்க. அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நெலத்த வித்துதான் குடுக்கணும். உங்கப்பா வாங்குன நெலம்டா அது." சட்டமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. காப்பீடு இல்லாத வண்டி மோதினால் இழப்பீட்டுத் தொகை நேராகச் சொத்தின் மேல்தான் வந்து விழும். தரகர் சொன்ன வழியோ வெளிப்படையான குற்றம். வேறு வண்டியின் எண்ணை அடித்துவிட்டால், நல்ல வண்டியும் அன்றிலிருந்து திருட்டு வண்டி மாதிரிதான்.

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர்தான் சரியான இடத்தில் ஆரம்பித்தார். "புக்கு போனா போவட்டும் தம்பி. சேஸ் நம்பர எடுத்துட்டா புக்கு தானா வரும். மொதல்ல அடியில பாப்போம்."

வண்டியின் அடையாளம் நம்பர் பிளேட்டில் இல்லை, ஆர்.சி. புத்தகத்திலும் இல்லை. தொழிற்சாலையில் இரும்பில் அடித்த சேஸ் நம்பரில்தான் இருக்கிறது. சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், தயாரித்த மாதம் ஆகியவற்றை வண்டியில் பொறிக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122-ஆவது விதி. இன்ஜினைப் பாதியில் மாற்றியிருக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கிப் பொருத்திய பிக்கப்புகள் எத்தனையோ ஓடுகின்றன. அதனால் இன்ஜின் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

அடியில் படுப்பதற்கு முன் சுற்றிப் பார்ப்பது நல்லது. சரக்கு வண்டியின் கதவிலோ பக்கவாட்டிலோ உரிமையாளர் பெயர், ஊர், வெற்று எடை, மொத்த எடை எழுதியிருப்பார்கள். மேலே புது பெயின்ட் அடித்திருந்தாலும் சாய்வான வெயிலில் பழைய எழுத்தின் தடிப்பு தெரியும். கண்ணாடியில் ஒட்டிய பழைய இன்சூரன்ஸ் அல்லது பாஸ்டேக் ஸ்டிக்கர், புகைச் சான்று, டயர் கட்டிய ரசீது, விற்பனைக்கூடத்தின் வாயில் சீட்டு, சர்க்கரை ஆலை டோக்கன் என்று எதில் வேண்டுமானாலும் பதிவு எண் இருக்கலாம். இந்த வண்டியின் கதவில் 'விக்கிரவாண்டி' என்பதில் பாதி தெரிந்தது. பெயர் தெரியவில்லை.

இன்ஜின் அறையின் பின்சுவரில் அல்லது கதவுத் தூணில் சிறு தகடு ஒன்று ரிவெட் அடித்திருக்கும். அதிலும் சேஸ் நம்பர் இருக்கும். ஆனால் தகட்டைக் கழற்ற முடியும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. இந்த வண்டியில் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் இரண்டு பீம்கள்தான் சேஸ். பிக்கப்புகளில் பெரும்பாலும் வலது பக்க பீமில், ஓட்டுநர் பக்கத்துச் சக்கரத்தை ஒட்டி எண் அடித்திருப்பார்கள். மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் முன்னே பின்னே மாறும். பீமின் வெளிப்பக்கத்தை முழு நீளத்துக்கும் பார்த்துவிட வேண்டும். டிராக்டராக இருந்தால் அங்கே பீம் கிடையாது. கிளட்ச், கியர் பெட்டியின் வார்ப்பு உடலில் தேட வேண்டும். டிரெய்லருக்குத் தனி எண், தனிப் பதிவு உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மெக்கானிக் முதலில் ஒரு நீளக் கழியால் வண்டிக்கு அடியில் தட்டிப் பார்த்தார். மூன்று வருடம் நின்ற வண்டி, வெள்ளம் வடிந்த கொட்டகை. பாம்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். பிறகு பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்றி, சேஸுக்கு அடியில் மரக்கட்டையை அடுக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழையக்கூடாது.

வண்டல் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. மகன் உடனே பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கிரைண்டரை எடுத்துவரக் கிளம்பினான். மெக்கானிக் விடவில்லை. எண்ணின் ஆழம் மெல்லியது. கிரைண்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் துருவோடு எண்ணும் போய்விடும். போனபின், உரிமையாளரே அழித்திருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்குத் திருடன் அழித்த மாதிரிதான் தெரியும். உளியும் சுத்தியலும் கூட வேண்டாம். அவர் செய்தது பொறுமையான வேலை. ஈரச் சாக்கைப் பீமின் மேல் போர்த்தி மண்ணை ஊற வைத்து, தேங்காய் நார் பிரஷ்ஷால் கழுவினார். பழைய கிரீஸ் பிடித்த இடத்தில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கட்டி ஒரு ராத்திரி விட்டார். மறுநாள் மெல்லிய கம்பி பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்தார். கடைசியில் நைஸ் எமரி தாளைத் தண்ணீரில் நனைத்து, விரலால் அழுத்தாமல் தடவினார்.

முதலில் தெரிந்தது ஒரு '1'. அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அதற்குமேல் வெளிச்சம்தான் உதவியது. நேராக அடிக்கும் டார்ச்சில் ஒன்றும் தெரியாது. இருட்டியபின் டார்ச்சைப் பீமை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். முகப்பவுடரைத் தடவி மேலோட்டமாகத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். நான்கு கோணத்தில் கைபேசியில் படம் எடுத்தார்கள். பிறகு மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி, பென்சிலின் பக்கவாட்டால் தேய்த்து எண்ணை அப்படியே தாளில் இறக்கினார்கள். இதைத்தான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 'பென்சில் பிரின்ட்' என்று கேட்பார்கள். மூன்று நான்கு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தடுத்த படிவங்களுக்கும் வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் எண்ணின் மேல் கிரீஸ் பூசிவிட வேண்டும். சுத்தம் செய்த இரும்பு இந்தக் கடலோரக் காற்றில் ஒரு மாதத்தில் மறுபடி துருப்பிடித்துவிடும்.

இப்போதைய முறையில் சேஸ் நம்பர் 17 இலக்கம். எழுத்தும் எண்ணும் கலந்து வரும். மிகப் பழைய வண்டிகளில் குறைவாக இருக்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இதில் பயன்படுத்தவே மாட்டார்கள். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. எனவே வட்டமாகத் தெரிவது பூஜ்யம் அல்லது டி, கோடாகத் தெரிவது ஒன்று. 8-உம் பி-யும், 5-உம் எஸ்-உம், 2-உம் இசட்-உம் துருவில் ஒரே மாதிரி தெரியும். அவற்றைத்தான் இரண்டு மூன்று பேர் பார்க்க வேண்டும். இவர்கள் எண்ணியபோது முதலில் 16 தான் வந்தது. ஒரு 1, பக்கத்து எழுத்தின் துருவுக்குள் ஒளிந்திருந்தது.

முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும். எம்.ஏ.1 என்றால் மகிந்திரா, எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.பி.1 என்றால் அசோக் லேலண்ட். திண்டிவனத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. நிலக்கடலை ரகத்தின் பெயர் டி.எம்.வி. என்று தொடங்கினால், அது இந்த ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பத்தாவது இலக்கம் பல வண்டிகளில் தயாரித்த ஆண்டைக் குறிக்கும்: 2009-க்கு 9, 2010-க்கு ஏ, 2011-க்கு பி என்று போகும். இந்த வண்டியில் பி இருந்தது. ஆண்டை உறுதி செய்ய அதுமட்டும் போதாது, பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்; ஆனால் விற்றவர் 2014 வண்டி என்று சொன்னது பொய் என்று தெரிய அதுவே போதுமானதாக இருந்தது.

எல்லோருக்கும் இப்படி எண் கிடைத்துவிடாது. அரித்துப்போய்ப் பாதிதான் தெரிகிறது என்றால் வீட்டிலோ பட்டறையிலோ மறுபடி அடிக்கக்கூடாது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, அலுவலகம் எழுத்தில் அனுமதித்த பிறகுதான் அதைச் செய்ய முடியும். எண் உள்ள இடத்தைச் சுற்றி வெல்டிங் கோடு ஓடினாலோ, எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்காமல் ஏறி இறங்கி இருந்தாலோ அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். எதற்கும், களவு போன வண்டிகளின் பட்டியலில் இந்த எண் இருக்கிறதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் பார்த்துவிடுவது நல்லது. மகன் பார்த்தான். இல்லை என்று வந்தது. அன்றைக்குத்தான் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பென்சில் பிரின்ட், படங்கள், ஆதார் நகல், நடந்ததைச் சொல்லும் ஒரு மனு. இவற்றோடு விழுப்புரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார்கள். டி.என்.32 விழுப்புரம், டி.என்.16 திண்டிவனம், பதிவு நடந்த அலுவலகத்தில் தொடங்குவதுதான் சுருக்கமான வழி. கணினிப் பதிவில் சேஸ் எண்ணை வைத்துத் தேடும் வசதி அலுவலகத்துக்கு உண்டு. மிகப் பழைய வண்டி கணினியில் ஏறாமல் இருந்தால் பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும்; அதற்கு நாளாகும். இவர்களுக்குக் கணினியிலேயே கிடைத்தது. பதிவு எண் வந்தது. உரிமையாளர், அந்த விக்கிரவாண்டி வியாபாரிதான். கூடவே இன்னொன்றும் வந்தது: எப்போதோ அடைத்து முடித்த கடனுக்காக ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

குடும்பம் தவறாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று இங்கேதான் தெளிவானது. அப்பா இறந்துவிட்டதால் வாரிசுச் சான்று வைத்து, படிவம் 31 போட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். அந்தப் படிவம், பதிவேட்டில் பெயர் உள்ளவர் இறந்தால்தான். அப்பா பெயருக்கு வண்டி வரவே இல்லை. அரசின் கணக்கில் அவர் அந்த வண்டிக்கு அந்நியர். எனவே வியாபாரிதான் தொலைந்த ஆர்.சி.க்குப் படிவம் 26-இல் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு நேராக அம்மா பெயருக்கோ மகன் பெயருக்கோ மாற்றித் தர வேண்டும். வியாபாரியும் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றி, அதன்பின் இவர்களுக்குத் தர வேண்டும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படிக்கலாம். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொல்கிறது. கிராமத்தில் அதை மதிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அம்மாவும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரியைத் தேடிப் போனார்கள். வயது எழுபதை நெருங்கிவிட்டது, வியாபாரத்தை நிறுத்திவிட்டார். முதலில் அவர் பிடி கொடுக்கவில்லை.

"நான்தான் அன்னைக்கே வித்துட்டேனேம்மா. காசு வாங்கினேன், வண்டியக் குடுத்தேன். இன்னும் என்ன?"

"வண்டி எங்க கொட்டாயில நிக்குது அண்ணே. பேரு ஒங்க பேர்லதான் நிக்குது" என்றார் அம்மா.

மகன் கைபேசியை நீட்டினான். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொன்ன தீர்ப்பை மகன் விளக்கினான். பதிவேட்டில் பெயர் இருந்தவர் காரை 2007-இலேயே விற்றுவிட்டார். அது பல கை மாறிய பிறகு 2009-இல் விபத்து நடந்தது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அதாவது, இந்தப் பிக்கப் ஆறு வருடம் திண்டிவனம் சாலையில் ஓடியபோது யார் மேலாவது மோதியிருந்தால், நோட்டீஸ் வந்திருக்க வேண்டியது இந்தத் திண்ணைக்கு. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளிடம் மோர் கொண்டுவரச் சொன்னார்.

அதன்பின் வேலை நடந்தது, மெதுவாக. தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் அவரே பதிவு செய்தார். கடன் முடிந்த கடிதம் அவர் பீரோவில் பழைய தேதியில் இருந்தது. பைனான்ஸ் கம்பெனியின் கிளையில் புதிதாக ஒன்று வாங்கி, படிவம் 35 சேர்த்தார்கள். நிலுவை வரி, எப்.சி. தாமதக் கட்டணம், இன்சூரன்ஸ், பிரேக், டயர் எல்லாவற்றையும் மெக்கானிக் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினார். 15 வருடத்தைத் தாண்டப் போகிற வண்டிக்கு அதன்பின் எப்.சி. கட்டணமும் கூடும். இந்தக் கூட்டலை எல்லோரும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். தொகை வண்டியின் மதிப்பைத் தாண்டினால், பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் முறையாகக் கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிடுவது மேல். அதற்கும் சேஸ் நம்பரும் பதிவில் உள்ளவரின் கையெழுத்தும் வேண்டும்; காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால் பெயர் பதிவேட்டிலேயே நின்றுவிடும். இவர்களுக்கு இன்ஜின் தண்ணீர் ஏறாமல் தப்பியிருந்ததால் கணக்கு ஓரளவு கட்டியது. வண்டியை அம்மா பெயருக்கே மாற்றுவது என்று மகன் சொன்னான்.

படிவம் 29-இல் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பெரியவர் பேனாவை மூடவில்லை. "தம்பி, அந்தப் போன்ல இன்னொரு நம்பரு பாத்துச் சொல்லு" என்றார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் செஞ்சி பக்கத்து ஆள் ஒருவருக்கு அவர் விற்ற மோட்டார் சைக்கிள் அது. நான்கு எண்களில் மூன்றுதான் அவருக்கு நினைவிருந்தது.